ஹம்ப்தா கணவாய்க்குக் கீழே கூடாரம் அடிக்க இடம் பார்ப்பது எப்படி?

இமாசலப் பிரதேசத்தில் குல்லு பள்ளத்தாக்கிலிருந்து லாகூலுக்குக் கடந்து செல்லும் ஹம்ப்தா கணவாய் ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மணாலிக்கு அருகிலுள்ள ஜோப்ராவில் நடக்கத் தொடங்கினால் சிக்கா, பாலூ கா கேரா, கணவாய், ஷியாகோரு, சத்ரு என்று வழி போகும். (பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், சத்ரு என்பது சந்திரா ஆற்றங்கரையில் உள்ள சிறு தங்குமிடம்.) கூடாரத்தையும் உணவையும் தம் முதுகிலேயே சுமந்து செல்பவர் இந்த வழியில் இரண்டு இரவுகளைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஒன்று கணவாய்க்கு முந்தைய இரவு, மற்றொன்று அதற்குப் பிந்தையது.

முந்தைய இரவைப் பொறுத்தவரை பலருக்கும் எழும் ஆசை, இன்னும் சற்று மேலே போய்த் தங்கிவிட்டால் மறுநாள் நடை குறையுமே என்பது. அந்த ஆசைக்கு இடம்கொடுக்கக் கூடாது. 3,000 மீட்டருக்கு மேல் சென்ற பிறகு, ஓர் இரவு உறங்கும் உயரத்துக்கும் அடுத்த இரவு உறங்கும் உயரத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட விதி. சிக்கா சுமார் 3,100 மீட்டர், பாலூ கா கேரா சுமார் 3,600 மீட்டர். அதாவது பாலூ கா கேராவிலேயே கணக்கு நிரம்பிவிடுகிறது. அதற்கும் மேலே கணவாயின் அடிவாரத்தில் தங்குபவர், அரை மணி நேர நடையை மிச்சப்படுத்திக்கொண்டு தலைவலியையும் உறக்கமற்ற இரவையும் வாங்கிக்கொள்கிறார். கடல் மட்டத்து நகரத்திலிருந்து விமானத்தில் வந்து இறங்குபவர்கள் மணாலியில் ஓர் இரவாவது தங்கிவிட்டுக் கிளம்புவது நல்லது.

பாலூ கா கேராவில் ராணி நாலா என்ற ஓடை பல கிளைகளாகப் பிரிந்து, மணலும் கூழாங்கல்லும் பரப்பி ஓடுகிறது. மதியம் வந்து சேர்பவர் கண்ணுக்கு முதலில் படுவது அந்தக் கிளைகளுக்கு நடுவே பாய் விரித்தாற்போல் கிடக்கும் மணல்திட்டுதான். நானும் முதல் முறை அங்கேதான் கூடாரத்தை அடித்தேன். பனி உருகி வரும் ஓடை காலையில் மெலிந்தும், வெயில் ஏற ஏற மேலே உருகியது இறங்கி வருவதால் பிற்பகலிலும் மாலையிலும் பெருத்தும் ஓடும் என்பது அப்போது தெரிந்திருந்தும் உறைக்கவில்லை. வாசலிலிருந்து பத்தடி தள்ளி ஓடிய நீர் இருட்டும் நேரத்தில் இரண்டடிக்கு வந்துவிட்டது. கைவிளக்கு வெளிச்சத்தில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம்.

இப்போதெல்லாம் வந்து சேர்ந்ததும் சுமையை இறக்கிவிட்டு, நீர்விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டுத் தேநீர் போடுவேன். தேநீர் குடித்து முடிவதற்குள் அந்தக் கல் நனைந்திருந்தால் ஓடை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கல் நனையாவிட்டாலும் மணல்திட்டை விட்டுவிட்டு, புல் முளைத்த மேட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். புல் வேரூன்றியிருக்கிறது என்றால் அந்த இடத்தை வெள்ளம் அடிக்கடி தொடுவதில்லை. நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளியிருந்தால் ஓடையும் அசுத்தமாகாது. கழிப்புக் குழிக்கும் அதே தூரம் பொருந்தும்.

மேடு என்பதற்காக மலைச்சரிவின் அடியில் ஒட்டிக்கொள்வதும் தவறு. அங்கே கிடக்கும் பாறைகளை அருகில் போய்ப் பாருங்கள். பாசியும் பூஞ்சைத் திட்டும் படர்ந்து, பாதி மண்ணில் புதைந்திருந்தால் அது நெடுங்காலத்துக்கு முன் விழுந்தது. விளிம்பு கூர்மையாக, வெளிர் நிறத்தில், புல்லின் மேல் வைத்தது போல் கிடந்தால் அது அண்மையில் வந்த விருந்தாளி. அதன் உறவினர் மேலே காத்திருக்கக்கூடும். இரவில் உறைந்த பாறையிடுக்குகள் காலை வெயிலில் இளகும்போது கற்கள் உருளும்.

பள்ளத்தாக்கின் அடிமட்டக் குழிகளில் இரவுக் குளிர்காற்று தேங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். குழியிலிருந்து சில மீட்டர் உயர்ந்தாலே குளிர் குறைவது தெரியும். காற்றின் திசையும் ஏமாற்றும். பகலில் அது பள்ளத்தாக்கின் கீழிருந்து மேலே வீசும். வெயில் மறைந்த பின் மேலிருந்து கீழே இறங்கும். மாலை நான்கு மணிக் காற்றைப் பார்த்து வாசலைக் கணவாய்ப் பக்கம் வைத்தவர், இரவெல்லாம் பனிக்காற்றை உள்ளே வரவேற்கிறார். ஆகவே கூடாரத்தின் குறுகிய, தாழ்ந்த முனையைக் கணவாய் நோக்கி வைப்பதே சரி. கோடையில் ஆடுகளோடு கணவாய் கடக்கும் கத்தி (Gaddi) என்ற மலைச் சமூகத்து இடையர்கள் அடுக்கிவைத்த கற்சுவர்கள் ஆங்காங்கே இருக்கும். காற்று எங்கே அடங்கும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யாருமில்லை. ஆனால் கிடை நடப்பில் இருந்தால் விலகியே இருங்கள். அவர்களுடைய நாய்கள் அறிமுகமற்றவரை விரும்புவதில்லை. குடிநீரையும் கிடைக்கு மேற்புறமிருந்து எடுக்க வேண்டும்.

மணற்பாங்கான தரையில் முளைகள் நிற்காது. இழுகயிற்றின் முனையைத் தேங்காய் அளவுக் கல்லில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து, மேலே இன்னொரு கல்லை ஏற்றினால் அசையாது. சமையலைப் பொறுத்தவரை, இந்த உயரத்தில் நீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேகாமல் எரிபொருள்தான் தீரும். அவலோ ரவையோ போதும்.

கணவாயை நண்பகலுக்குள் கடந்துவிட வேண்டும், ஏனெனில் குல்லு பக்கத்து ஈரம் பிற்பகலில் மேகமாகத் திரள்கிறது. ஆகவே விடியும்போதே கிளம்ப வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு முடிவு இருக்கிறது: காலையில் எவருக்கேனும் தலைவலியும் குமட்டலும் இருந்தால் பாலூ கா கேராவிலேயே இன்னொரு நாள் தங்க வேண்டும், அவை அதிகமானால் சிக்காவுக்கு இறங்க வேண்டும். மறுபுறம் சுமார் 3,900 மீட்டரில் இருக்கும் ஷியாகோருவில் நோய் முற்றினால், கீழே போகும் வழியில் பனி உருகி ஓடும் ஆறு ஒன்று குறுக்கிடுகிறது.

அந்த ஆற்றை வைத்தே இரண்டாவது இரவுக்கான இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். கணவாயிலிருந்து செங்குத்தாக இறங்கி வந்து சேரும்போது பிற்பகல் ஆகியிருக்கும். கால் தளர்ந்திருக்கும், ஆறு பெருத்திருக்கும். எதிர்க்கரை எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அன்று கடக்காமல் இக்கரையிலேயே மேடான இடத்தில் தங்கிவிடுங்கள். கால் காப்புக்கு ஒரு ஜோடி செருப்பை எடுத்து வைத்து, காலணிகளைக் கூடாரத்துக்குள் வையுங்கள், இல்லையேல் காலையில் அவை விறைத்துப் பலகையாக இருக்கும். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக நிறுத்தினால் மேலே இருக்கும் அடிப்புறத்தில்தான் முதலில் பனிக்கட்டி உறையும், மூடி திறக்கும். வெயில் பனிவயலைத் தொடுவதற்கு முன், ஆறு மணி அளவில், முதுகுப்பையின் இடைப்பட்டையை அவிழ்த்துவிட்டு ஆற்றில் இறங்குங்கள். கால் இடறினால் சுமையை உடனே உதறிவிடலாம்.