பனி வருமுன் பிள்ளைகளோடு: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

செப்டெம்பர் முதல் திங்கட்கிழமை லேபர் டே. அது முடிந்ததும் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். அதிலிருந்து ஒக்டோபர் கடைசிவரை வரும் சனி, ஞாயிறுகள்தான் ரொறன்ரோவில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக மிக நல்ல நாட்கள். வியர்க்காது, நுளம்புத் தொல்லையும் குறைந்துவிடும். புதிதாக வந்த குடும்பங்கள் பல இந்த வாரங்களைத் தளபாடம் வாங்குவதிலும் படிவம் நிரப்புவதிலும் விட்டுவிடுகின்றன. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்ததும் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். சோபா டிசம்பரிலும் வாங்கலாம்.

கார் இல்லையே என்று தயங்க வேண்டாம். நகரத்துக்குள் ஓடும் டிடிசி பஸ்ஸிலும் சப்வேயிலும், சுற்றியுள்ள ஊர்களுக்கு ஓடும் கோ ரயிலிலும், 12 வயதுவரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. நிரந்தர வதிவுரிமையோடு வந்து ஐந்து வருடம் ஆகாதவர்கள் 'கனூ' என்ற செயலியில் பதிந்துகொள்ளுங்கள்; பல அருங்காட்சியகங்களுக்கு அதைக் காட்டி இலவசமாகப் போகலாம். லைப்ரரி அட்டையை வந்த வாரமே எடுங்கள். அதை வைத்து மியூசியம் பாஸும் வாங்கலாம். மழை பெய்யும் சனிக்கிழமைகளுக்கு இவை போதும்.

மழை இல்லாத நாளில் முதலில் எங்கே போவது என்று கேட்டால், நான் சொல்வது ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருக்கும் மோர்னிங்சைட் பார்க். அதற்குள் ஹைலண்ட் கிரீக் என்ற ஆறு ஓடுகிறது. செப்டெம்பரிலும் ஒக்டோபர் முற்பகுதியிலும் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் மீன்கள் முட்டையிட இந்த ஆற்றில் ஏறி வரும். நல்ல மழை பெய்து ஒன்றிரண்டு நாள் கழித்து, தண்ணீர் கொஞ்சம் தெளிந்ததும் போங்கள். ஆழமான இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஒன்றும் தெரியாது. கற்கள் மேல் தண்ணீர் சலசலத்து ஓடும் ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து, கரையில் அசையாமல் நிற்க வேண்டும். முதலில் கறுப்பாக ஒரு முதுகு தண்ணீருக்கு மேலே தெரியும். பிறகு பிள்ளையின் கை நீளமுள்ள மீன் உடம்பை வளைத்து, தண்ணீரை அடித்துக்கொண்டு கல்லுக்கு மேலே ஏறும். பெண் மீன் வாலாலேயே கூழாங்கல்லைத் தோண்டித்தான் முட்டைக்கு இடம் செய்கிறது. அதனால் அதன் வால் ஓரம் தேய்ந்து வெள்ளையாகிவிடும். அதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

கரையில் செத்த மீன்களும் கிடக்கும், மணக்கவும் செய்யும். "ஏன் செத்துப்போச்சு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். மறைக்காமல் சொல்லுங்கள்: சினூக் ஒரு தடவை முட்டையிட்டதும் இறந்துவிடும், கல்லுக்கு அடியில் இருக்கும் முட்டைகளிலிருந்து குஞ்சுகள் வசந்தத்தில் வெளியே வரும். கொஞ்சம் பெரிய பிள்ளையென்றால் இன்னொன்றும் சொல்லலாம். சினூக் இந்த ஏரியின் சொந்த மீன் இல்லை, பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. முன்பு இங்கே இருந்த அட்லாண்டிக் சால்மன் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் ஏரியில் இல்லாமல் போய்விட்டது. தண்ணீருக்குள் இறங்க விடாதீர்கள், முட்டைகள் மிதிபடும். கல்லெறியவும் வேண்டாம்.

அடுத்தது ரூஜ் நகர்ப்புறத் தேசியப் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. கனடா மிருகக்காட்சிசாலைகளில் பெரிய ஒன்றான ரொறன்ரோ ஸூ இதற்குப் பக்கத்திலேயே இருப்பதால், அங்கே போகும் பஸ்ஸில் வந்து இறங்கலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் விஸ்டா டிரெயில் என்ற நடைபாதை நல்லது. வழியில் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மேடை இருக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்க வேண்டாம். இந்தப் பக்கம் லைம் நோயைப் பரப்பும் உண்ணி உண்டு, குளிர் தொடங்கிய பிறகும் அது கடிக்கும். நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியைச் சொக்ஸுக்குள் விடுங்கள். பாதையை விட்டுப் புல்லுக்குள் போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். எள்ளு அளவில் ஏதாவது ஒட்டியிருந்தால், கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டு, டாக்டரிடமோ பார்மசியிலோ கேளுங்கள்.

அப்பிள் பறிக்கப் போவது எல்லாக் குடும்பங்களுக்கும் ஆசைதான். பவ்மன்வில், மில்டன் பக்கம் தோட்டங்கள் நிறைய. இதற்குக் கார் வேண்டும். மக்கின்டோஷ் என்ற அப்பிள் வகை செப்டெம்பர் நடுவிலேயே பழுத்துவிடும், எம்பயர் போன்றவை ஒக்டோபரில். சில இடங்களில் ஆளுக்கு நுழைவுக் கட்டணம், பைக்குத் தனிக் காசு. ஐந்து பேர் போனால் கணக்கு ஏறிவிடும். புறப்படுமுன் தோட்டத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். முன்பதிவும் அதிலேயே செய்யலாம். பிள்ளைக்குப் பறிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுங்கள்: இழுக்கக் கூடாது, பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கி மெல்லத் திருகினால் காம்போடு வந்துவிடும்.

இலை நிறம் மாறுவதைப் பார்க்க உடனே அல்கோன்குவின் மாகாணப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அழகான இடம்தான், செப்டெம்பர் கடைசியில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும். ஆனால் போக மட்டும் மூன்று மணி நேரம், வாகன அனுமதியை முன்கூட்டியே எடுக்காவிட்டால் இடம் கிடைப்பதும் கஷ்டம். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் முதல் வருடம் விட்டுவிடுங்கள். ரொறன்ரோவுக்குள் ஒக்டோபர் நடுவில் அதே நிறம் வரும். கில்ட் பார்க்கில், இடித்த பழைய கட்டடங்களின் தூண்களுக்கு நடுவில் பிள்ளைகள் ஓடி விளையாடலாம். அது இலவசம்.

உடுப்பு விஷயம் சுருக்கமாக: காலையில் எட்டுப் பாகை, மத்தியானம் இருபது. ஒரு தடித்த ஜாக்கெட்டை விட, கழற்றிப் போடக்கூடிய இரண்டு மெல்லிய உடுப்பு நல்லது. காசு செலவழிப்பதென்றால் தண்ணீர் புகாத பூட்ஸில் செலவழியுங்கள். கால் நனைந்தால் பிள்ளை அழும், எல்லாரும் திரும்ப வேண்டியதுதான். மாற்றுச் சொக்ஸ் ஒரு சோடி, பிளாஸ்கில் தேத்தண்ணி, சாப்பிட ரோல்ஸ் இருந்தால் அரைநாள் தாக்குப்பிடிக்கலாம்.

பள்ளிக்குப் போகாத குழந்தை இருந்தால் 'எர்லிஆன்' நிலையங்களுக்குப் போங்கள். ஆறு வயதுவரை பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இலவசம். வீட்டில் தனித்திருக்கும் அம்மாக்களுக்கும் அங்கே நாலு பேர் பழக்கமாவார்கள்.

பள்ளியிலிருந்து வரும் நாட்காட்டியில் 'பிஏ டே' என்று குறித்திருக்கும். அன்று பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை. வேலைக்கு லீவு எடுக்க முடிந்தால் அப்பிள் தோட்டத்துக்கு அந்த நாளில் போங்கள், சனிக்கிழமைக் கூட்டம் இருக்காது. ஒக்டோபர் இரண்டாவது திங்கள் தாங்க்ஸ்கிவிங். கடைகள் பல பூட்டியிருக்கும், பூங்காக்கள் திறந்திருக்கும். சாமானை ஞாயிறே வாங்கி வைத்துவிடுங்கள்.