தாத்தாவின் தொப்பியைக் கல்யாணத்துக்குள் கறுப்பாக்க

தம்பிக்குக் கல்யாணம், மதுரை கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தில். தாத்தா தன் கல்யாணத்தில் போட்ட கறுப்பு ஃபெல்ட் தொப்பியைத்தான் கோட்டு சூட்டோடு போடுவேன் என்கிறான். பீரோ மேலிருந்து இறக்கிப் பார்த்தால் கறுப்பு போய்ப் பழுப்பேறிக் கிடந்தது, அதிலும் ஜன்னல் வெயில் பட்ட பக்கம் படுமோசம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் உடனே சாயம் வாங்க ஓடாதீர்கள். முதலில் தொப்பியைச் சுற்றியிருக்கும் ரிப்பனில் இரண்டு தையலைப் பிரித்து அடியில் பாருங்கள். எங்கள் தொப்பியில் ஒரு விரல் அகலத்துக்கு, நேற்று வாங்கியது போல, அசல் கறுப்பு அப்படியே இருந்தது. அதுதான் உங்களுக்கு அளவு.

நாம் வெளுப்பு என்று நினைப்பதில் தூசிக்கும் பங்கு உண்டு. ஷூவுக்குப் போடாத புது பிரஷ், மெத்தென்ற முடியுள்ளதாகப் பார்த்து வாங்கி, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டே போங்கள். எண்ணெய்க் கறை இருந்தால் சோளமாவைத் தூவி, ஒரு ராத்திரி விட்டுத் தட்டிவிடுங்கள்.

அப்புறம் ஆவி. ஃபெல்ட் என்பது ஆட்டு ரோமமோ முயல் ரோமமோ அழுந்திப் பின்னிக்கொண்ட துணி, ஆவி பட்டால் இளகி, படிந்த ரோமம் எழுந்துவிடும். இட்லிச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மூடியைக் கொஞ்சம் நகர்த்தி, வரும் ஆவிக்கு அரை அடி மேலே தொப்பியைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். துணி நனையக் கூடாது, வெதுவெதுப்பாக இளகினால் போதும். அந்தச் சூட்டிலேயே வளைந்த விளிம்பையும் முன்பக்கக் குழியையும் விரலால் சரிசெய்து, நிழலில் ஆறவிடுங்கள். மொட்டை மாடி வெயில் வேண்டவே வேண்டாம், இருக்கிற நிறமும் போய்விடும். குக்கர் ஆவியில் காட்டாதீர்கள், கை வெந்துவிடும்.

இதற்குப் பிறகும் வெளுப்பு தெரிந்தால் மட்டும் நிறம் ஏற்றலாம். சுங்குடிக்குப் போடுகிற சாயம் பருத்திக்கானது, அதோடு சேர்க்கும் சோடா ரோமத்தைக் கெடுத்துவிடும். ரோமத்துக்கென்று இருக்கும் சாயத்தைக் கிட்டத்தட்டக் கொதிநிலையில் ஏற்ற வேண்டும். முன்பு இன்னொரு பழைய தொப்பியை அப்படி முக்கியெடுத்தேன், சுருங்கியது மறுபடி விரியவே இல்லை. இன்றுவரை அது மனதில் உறுத்துகிறது. அதனால் வெல்வெட் போல மெத்தென்றிருக்கும் ஸ்வேட் தோல் ஷூவுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்ப்ரேதான் என் தேர்வு. ரிப்பனுக்கு அடியில் கொஞ்சம் அடித்துச் சோதித்துவிட்டு, உள்ளேயிருக்கும் தோல் பட்டையை டேப்பால் மூடி, காற்றோட்டமான இடத்தில் ஓரடி தள்ளி நின்று மெல்லிசாக அடியுங்கள். காய்ந்த பின் இன்னொரு தடவை. ஒரே மூச்சில் நனைய அடித்தால் திட்டுத்திட்டாகிவிடும். ஷூ பாலிஷ் வேண்டாம், மெழுகு ரோமத்தை ஒட்டவைத்துவிடும்.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிரஷ் போட்டு, ஈரமான வெள்ளைத் துணியால் தடவிப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால், மதுரை வேர்வையில் மாப்பிள்ளை நெற்றியிலும் அதேதான் ஒட்டும். துணியில் ஒட்டுவது நிற்கும் வரை துடைத்தெடுங்கள். இதற்காகத்தான் பத்து நாளாவது முன்னால் தொடங்கச் சொல்கிறேன்.

ரிப்பனும் நைந்திருந்தால், விளக்குத்தூண் பக்கம் தையல் சாமான் கடைகளில் குறுக்கே மெல்லிய வரி ஓடும் ரிப்பன் கேளுங்கள். பசை போடாமல் கையால் தையுங்கள், முடிச்சு இடது பக்கம் வரட்டும்.

கல்யாண நாள் வரை தொப்பியை உச்சி கீழே இருக்குமாறு கவிழ்த்து வையுங்கள், அப்போதுதான் விளிம்பு மடங்காது. கோவிலுக்குள் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பதால் யாரிடம் கொடுப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். நாங்கள் அத்தையிடம் கொடுக்கப் போகிறோம், உச்சியைக் கிள்ளாமல் விளிம்பைப் பிடித்துத் தூக்க இப்போதே பழக்கிவிட்டோம்.