டெல் அவிவ் செக்யூரிட்டிக்குக் கொஞ்சம் ஹீப்ரு

டெல்லியிலிருந்து இஸ்ரேலின் டெல் அவிவ் போகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது: "அனி லோ மெதபேர் இவ்ரித்", எனக்கு ஹீப்ரு தெரியாது. பெண்கள் "மெதபெரெத்" என்க வேண்டும். "ஆங்லித், பெவகஷா" (ஆங்கிலம், தயவுசெய்து) என்று சேர்த்துவிடுங்கள். சரளமாக ஹீப்ருவில் தொடங்கினால் விமான நிலைய செக்யூரிட்டிக்காரர்களும் அதிலேயே மளமளவென்று கேட்பார்கள், மாட்டிக்கொள்வீர்கள்.

"லோ" என்றால் இல்லை. இந்தி பழகிய காதுக்கு "எடுத்துக்கோ" என்று கேட்கும், ஜாக்கிரதை! ஆமாம் என்பதற்கு "கென்". நம் தலையாட்டல் அங்கே மறுப்பாகத் தெரியலாம், வாய்விட்டே சொல்லுங்கள்.

"மி அராஸ்?" என்றால் பெட்டியை அடுக்கியது யார். "அனி அராஸ்தி" என்றால் நான்தான். கரோல்பாக் மாமி மகனுக்குக் கொடுத்தனுப்பிய பொடிப் பொட்டலம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், உறையைப் பிரித்துக் காட்டுங்கள். விளையாட்டுப் பேச்சு வேண்டாம்.

"தர்கோன்" பாஸ்போர்ட், "திக்" பை, "ஹோது" இந்தியா. ஐந்து விரல்களையும் குவித்து மேலே காட்டினால் சாப்பிட்டாயா என்று விசாரிக்கவில்லை. அதற்கு அர்த்தம் "ரெகா", கொஞ்சம் பொறு.

முடிந்ததும் "தோதா", நன்றி.