புங்கன் கன்று நடும்போது முதலில் வேரைப் பாருங்கள்

வீட்டுக்கு நிழல் வேண்டும் என்று கேட்கும் எவருக்கும் நான் தயங்காமல் சொல்வது புங்கன்தான். வறட்சி, உவர் மண், சில நாள் தேங்கும் மழைநீர், எல்லாவற்றையும் தாங்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் வேர் முடிச்சுகளின் மூலம் மண்ணில் நைட்ரஜனையும் சேர்க்கும்.

சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி, பிற்பகல் வெயில் தாக்கும் மேற்குப் பக்கத்தில் இடம் பாருங்கள். 2 அடி நீள, அகல, ஆழத்தில் குழி போதும். இறுகிய மண்ணுக்கு மண்வெட்டியைவிடக் கடப்பாரையே நல்லது. குழியின் பக்கச் சுவர்களையும் அதனால் குத்திப் பிளந்துவிடுங்கள்.

இனிதான் கவனம் வேண்டும். என் முதல் கன்று இரண்டு ஆண்டுகள் ஆள் உயரத்தைத் தாண்டவில்லை; பிறகு ஒரு காற்றில் சாய்ந்தது. தோண்டிப் பார்த்தபோது ஆணிவேர் கன்று வளர்ந்த நாற்றுப் பையின் அடியில் சுருண்டிருந்த அதே வடிவத்தில், சுருக்குக் கயிறு போல, தன்னையே இறுக்கிக்கொண்டிருந்தது. நீரும் எருவும் குறைவில்லாமல் கொடுத்த எனக்கு அது பெரிய வருத்தம்.

ஆகவே பையை உருவாதீர்கள், பிளேடால் நெடுக்காகக் கிழியுங்கள். அடியில் வளையமாகச் சுற்றியிருக்கும் வேரைக் கூரிய கத்தரியால் வெட்டுங்கள். பக்கவாட்டில் சுற்றும் மெல்லிய வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள். விரல் தடிமனில் ஆணிவேர் சுருண்டிருந்தால் அந்தக் கன்றே வேண்டாம். உயரமான கன்றைவிட, சிறிய பையில் உள்ள முழங்கால் உயர இளங்கன்றையே நான் எப்போதும் எடுப்பேன்.

பையில் இருந்த மண்மட்டம் தரைமட்டத்துக்குச் சரியாக நிற்கட்டும்; தண்டைப் புதைக்காதீர்கள். ஊன்றுகோலோடு கட்டப் பழைய சைக்கிள் டியூப்தான் சிறந்தது, நைலான் கயிறு பட்டையை அறுத்துவிடும். முதல் கோடை முழுவதும் வாரம் இருமுறை நிறைய நீர் விடுங்கள். தினமும் சிறிது தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும்.

பின்சேர்க்கை: "மாசியில் இலையெல்லாம் கொட்டுகிறது, மரம் பட்டுவிட்டதா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை, அது அதன் இயல்பு. கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் மரம் நலம். சில வாரங்களில் பளபளக்கும் இளம்பச்சைத் தளிர் வந்து, கோடை உச்சத்துக்குள் நிழல் அடர்ந்துவிடும். உதிர்ந்த இலைகளை எரிக்காமல் மரத்தடியிலேயே பரப்புங்கள், தண்டை ஒட்டாமல்.

இலையில் மரு போன்ற புடைப்புகள் தெரிந்தால் அது சிலந்திப்பேனின் வேலை. மரம் அதனால் சாகாது. நான் மருந்து அடிப்பதில்லை.

விதையிலிருந்து வளர்க்க விரும்பினால், முற்றிய காயை உடைத்துப் புதிய விதையை ஓர் இரவு ஊறவைத்து, மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். வேர் சுருளும் பேச்சே இருக்காது. விதை நச்சுத்தன்மை உள்ளது, குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.