கோடு காணாமல் போகும் இடம்: ஜியோஜீப்ராவில் வகைக்கெழு நடத்துவது

காரைக்குடிப் பக்கம் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். வகைக்கெழுவை, அதாவது வளைவரையின் ஒரு புள்ளியில் சாய்வு எவ்வளவு என்பதை, ஜியோஜீப்ராவில்தான் தொடங்குவேன். மார்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் தொடங்கிய, வரைபடம் போடும் மென்பொருள் இது, பள்ளிகளுக்கு இலவசம். முந்தின நாளே லேப்டாப்பில் இறக்கி வைத்தால் இணையம் வேண்டாம்.

மணி அடித்ததும் திரையைப் போட்டுவிடாதீர்கள். எக்ஸ் ஸ்கொயரின் வளைவரையை முதலில் நோட்டில் வரையட்டும். (1, 1) புள்ளியில் தொடுகோட்டின் சாய்வு எவ்வளவு இருக்கும்? ஒவ்வொருவரும் ஓர் எண் எழுத வேண்டும். எழுதிய பிள்ளைதான் திரையை உற்றுப் பார்க்கும்.

அப்புறம் திரை. சார்பைக் கொடுத்து, எச் என்று ஒரு ஸ்லைடர் வையுங்கள்: -2 முதல் 2 வரை, படி 0.001. வளைவரையில் (1, 1) ஒரு புள்ளி. எக்ஸ் மதிப்பு 1 + எச் உள்ள இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்துச் சாய்வைக் காட்டச் சொல்லுங்கள். அமைப்புகளில் தசம இடத்தை 5 ஆக்க மறக்க வேண்டாம். முதல் வருடம் நான் அதை 2 இடத்திலேயே விட்டுவிட்டேன். சாய்வு 2.001 இருக்கும்போதே திரை 2 என்று காட்ட, "வந்துடுச்சு சார்!" என்று வகுப்பே கத்தியது. பாடம் அங்கேயே கெட்டது.

ஒரு பிள்ளை அம்புக்குறி விசையால் ஸ்லைடரை நகர்த்தட்டும், மற்றவர்கள் அட்டவணை எழுதட்டும். எச் 1 என்றால் சாய்வு 3, 0.1 என்றால் 2.1, 0.001 என்றால் 2.001. இடப்பக்கம் -0.001 என்றால் 1.999. சரி, இப்போது எச் பூச்சியம். கோடு மறைந்துவிடும், சாய்வு இருந்த இடத்தில் கேள்விக்குறி நிற்கும். இந்த இடத்தில் அவசரமே கூடாது. "கோடு எங்க சார் போச்சு?" என்று அவர்களாகக் கேட்கும்வரை நான் வாய் திறப்பதில்லை. கேட்டதும் கரும்பலகைக்குப் போய் (1 + எச்)² − 1 என்பதை எச்சால் வகுத்தால் 2 + எச். எச் பூச்சியமில்லை என்பதால்தான் அடித்துச் சுருக்க முடிந்தது. எச் பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சாய்வு நெருங்கும் எண்ணுக்கான எல்லை என்ற சொல்லை அதன் பிறகே எழுதுவேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் வளைவரைக்குக் கீழுள்ள பரப்புக்கும் இதே வளைவரை போதும், 0 முதல் 1 வரை. 10 செவ்வகம் போட்டால் கீழ்க் கூடுதல் (வளைவரைக்குள் அடங்கும் செவ்வகங்களின் பரப்பு) 0.285, மேல் கூடுதல் (வளைவரைக்கு மேலே நீளும் செவ்வகங்களின் பரப்பு) 0.385. ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவன், "வளைஞ்ச ஓரத்துல முழுக் கல் உட்காராது சார், சின்னதா வெட்டணும்" என்றான். வெட்டச் சொன்னேன். 100 செவ்வகத்துக்கு 0.32835, 0.33835. இரண்டுக்கும் நடுவில் எந்தப் பின்னம் என்று வகுப்பையே சொல்லவிடுங்கள்.