730 நாள் கணக்கு

அப்பா படுத்த பிறகு வருஷத்தில் பெரும்பகுதி திருவையாற்றில்தான். சம்பா அறுவடை முடிந்தால்தான் டொராண்டோ. கனடா பி.ஆர். (நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) கையை விட்டுப் போகாமலிருக்க வேண்டுமானால் 5 வருஷத்தில் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும், விட்டு விட்டு இருந்தாலும் சரி. போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் முழு நாளாகவே சேரும். அந்த 5 வருஷத்தை பி.ஆர். கார்டு தேதியிலிருந்து எண்ணிவிடாதீர்கள், நான் அப்படித்தான் ஏமாந்தேன். திரும்பி நுழையும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். மனைவியோ கணவனோ கனடா குடிமகனாக இருந்து, அவரோடு வெளிநாட்டில் வாழ்ந்தால் அந்த நாட்களும் சேரும் (என் வீட்டில் இருவருமே பி.ஆர்., கொடுத்து வைக்கவில்லை).

விதைநெல் கணக்கு நோட்டிலேயே பயணத் தேதிகளையும் எழுதுகிறேன். போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்துங்கள். அப்புறம், கார்டு காலாவதியானால் பி.ஆர். போய்விடாது, ஆனால் இங்கிருந்து விமானம் ஏற, பி.ஆர். பயண ஆவணத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.