பழைய ஆல்டோவில் புது ஸ்டீரியோ: நாமே மாட்டலாம்

அப்பாவின் ஆல்டோவில் இருந்த சிடி பிளேயர் ஒருநாள் சிடியை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. ப்ளூடூத், யூஎஸ்பி உள்ள ஒரு ஸ்டீரியோ வாங்கி நானே மாட்டினேன். ஞாயிறு காலை இரண்டரை மணி நேரம் பிடித்தது. பழசைக் கழற்றவும் புதுசை உள்ளே தள்ளவும் இருபது நிமிடம்கூட ஆகவில்லை, மீதி முழுக்க வயர் வேலை. அதனால் இங்கேயும் வயரைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

வாங்கும் முன் அளவு பாருங்கள். டேஷ்போர்டில் உள்ள ஓட்டை 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் என்றால் சிங்கிள் டின். உயரம் 100 என்றால் டபுள் டின். டப்பா மேல் '50 வாட் × 4' என்று பெரிதாகப் போட்டிருப்பது உச்ச அளவு. தொடர்ந்து பாடும்போது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் வாக்கில்தான் வரும், அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அந்தக் காசில் உங்கள் வண்டிக்கான கப்ளர் வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு போனால் வண்டி பெயரும் வருடமும் சொன்னாலே எடுத்துத் தருவார்கள். ஒரு பக்கம் கம்பெனி ப்ளக்கில் சொருகும், மறுபக்கம் ஸ்டீரியோவோடு சேரும், வண்டியின் வயரில் கத்தியே படாது.

வேலையைத் தொடங்கும்போது முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள், 10 நம்பர் ஸ்பேனர் போதும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் சில நிமிடம் பொறுத்து ஆரம்பியுங்கள். உள்ளே மஞ்சள் நிற ப்ளக் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது, கை வைக்காதீர்கள்.

கடையில் மாட்டிய சிங்கிள் டின் ஸ்டீரியோ ஒரு தகரக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். முன்பக்கச் சட்டத்தை எடுத்துவிட்டு, ஸ்டீரியோவோடு வந்த இரண்டு தட்டைச் சாவிகளை இரு பக்கமும் 'டிக்' என்று கேட்கும்வரை சொருகி இழுத்தால் மொத்தமும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பின்னால் உள்ள ஆன்டெனா ஜாக்கைப் பிடுங்கும்போது வயரைப் பிடிக்காமல் ஜாக்கின் தலையைப் பிடித்து இழுங்கள்.

எங்கள் வண்டியில் இங்கேதான் மனசு கஷ்டமாகிவிட்டது. முன்பு மாட்டிய கடைக்காரர் கம்பெனி ப்ளக்கை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை வெறுமனே முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். வருஷக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டி. தொட்டதும் டேப் கையோடு வந்தது, பசை உருகி வயர் மேலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது, எப்போதும் கரண்ட் இருக்கும் மஞ்சள் வயரின் செம்பு ஒரு விரல்கடை நீளத்துக்கு வெளியே தெரிந்தது, பக்கத்திலேயே இரும்புப் பட்டை. உரசியிருந்தால் ஃபியூஸ் போவதோடு நின்றிருக்குமா என்று நினைக்கவே பயமாக இருந்தது. தயவுசெய்து வயரை வெட்ட விடாதீர்கள், டேப்பை நம்பாதீர்கள்.

ப்ளக் இருந்தால் கப்ளரைச் சொருகினால் வேலை முடிந்தது. எங்களுக்கு அந்த வழி இல்லாததால் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு வயராகத் தேட வேண்டியிருந்தது. பிரித்த முனைகள் ஒன்றோடொன்று படாமல் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு, இதற்கு மட்டும் பேட்டரியைத் திரும்ப மாட்டுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் வையுங்கள். சாவி போடாமலே 12 வோல்ட் சொச்சம் காட்டும் வயர் ஸ்டீரியோவின் மஞ்சளுக்கு. நேரம், செட்டிங் எல்லாம் நினைவில் நிற்பது இதனால்தான். சாவியை ஏசிசிக்கு, அதாவது இன்ஜின் ஓடாமல் ரேடியோ வேலை செய்யும் நிலைக்கு, திருப்பினால் மட்டும் 12 காட்டுவது சிவப்புக்கு. ஸ்டீரியோவின் கறுப்பு வயர் எர்த். கண்டுபிடித்த கையோடு ஒவ்வொன்றிலும் பேப்பர் ஒட்டி எழுதிவிட்டு, பேட்டரியை மறுபடி கழற்றுங்கள்.

ஸ்பீக்கர் வயருக்கு எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. ஒரு பென்சில் செல்லை எடுத்து, ஒரு ஜோடி வயரில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். எந்தக் கதவில் 'டப்' என்று கேட்கிறதோ அதுதான் அந்த ஸ்பீக்கர். வலையைக் கழற்றிப் பார்த்தால், செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டபோது பேப்பர் கோன் வெளிப்பக்கமாகத் துள்ளும். ஸ்டீரியோவில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழானாலும் பேஸ் செத்துவிடும். அப்புறம், ஸ்பீக்கர் மைனஸை எர்த்தோடு சேர்க்கவே கூடாது, ஸ்டீரியோ உள்ளே எரிந்துபோகும்.

இணைப்பைச் சால்டர் செய்யுங்கள், இல்லையென்றால் கிரிம்ப் கனெக்டர் போட்டு அழுத்துங்கள். மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டிச் சூடு காட்டினால் வயரோடு இறுகிக்கொள்ளும். வயரை இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. பயன்படாத வயர் முனைகளையும் மூடிவிடுங்கள்.

தகரக் கூட்டைப் பொருத்தி, நாக்குகளை மடக்கிவிட்டு, ஸ்டீரியோவை உள்ளே தள்ளுவதற்கு முன்பே பேட்டரியை மாட்டிப் பாட விடுங்கள். பேலன்ஸ் (இடது-வலது), ஃபேடர் (முன்-பின்) இரண்டையும் திருப்பி நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியாகச் சரியான மூலையில் பாடுகிறதா என்று கேளுங்கள்.

பலர் தடுமாறுவது எஃப்எம்மில். ஸ்டீரியோ அமெரிக்க செட்டிங்கில் வந்திருந்தால் 101.3, 101.5 என்றுதான் தாவும், சென்னையில் அப்பா தினம் கேட்கும் 101.4 ரெயின்போ சரியாகச் சிக்காது. மெனுவில் ஏரியாவை ஆசியா அல்லது ஐரோப்பா என்று மாற்றினால் சரியாகிவிடும்.

ராத்திரி வண்டியைப் பூட்டிவிட்டு, காலையில் நேரமும் ஸ்டேஷனும் அப்படியே இருக்கிறதா பாருங்கள். அழிந்திருந்தால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். சாவியை எடுத்த பிறகும் பாடிக்கொண்டே இருந்தால் இரண்டும் சாவி போடாமலே 12 வோல்ட் வரும் வயரிலேயே சேர்ந்திருக்கிறது, பேட்டரி இறங்குவதற்குள் பிரித்து மாட்டிவிடுங்கள்.